வண்டல்

கொழும்பைக் கீழிருந்து பார்க்கிறவர்களுக்குக்
கடைகள் தெரியும்.
நாங்கள் மேலிருந்து பார்க்கிறவர்கள்.
வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் உச்சியில் நின்றால்
கடல்வரைக்கும் கறுப்புத் தாங்கிகள்,
மூடி சரியாகப் பொருந்தாதவை,
காகம் குந்தியிருப்பவை.
அவற்றுக்குள் இறங்கிக் கழுவுவதுதான் எங்கள் கொம்பனி.
மூன்று பேர், ஒரு பம்ப், இரவல் ஏணி.

பெயர் மட்டும் இல்லை.

தெமட்டகொடையில் டயர்க் கடைக்கு மேலே
றப்பர் மணக்கும் அறையில்
பதினொரு இரவு கதைத்தோம்.
நான் 'ஊருணி' என்றேன்.
சொல்லும்போதே வாயில் தண்ணீர் நிறைகிற சொல்.
இசுரு விழுந்து விழுந்து சிரித்தான்:
"ஊரு என்றால் எங்களுக்குப் பன்றி, மச்சான்.
பன்றி எழுதின வாளியோடு
எந்த வீட்டுக்குள் ஏறுவாய்?"
பஸ்மினா பேனையை வாங்கி
அந்தச் சொல்லைத் தானே வெட்டினாள்.
அவன் சொன்ன சிங்களப் பெயரில்
மருதானையில் ஏற்கனவே ஒரு சவர்க்காரம் இருந்தது.

கறுவாத்தோட்டத்தில், குளிரூட்டிய அறையில்,
விளம்பரக்காரி கேட்டாள்:
"உங்கள் நிறுவனம் ஒரு மிருகமானால்
என்ன மிருகம்?"
நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
மூன்று லட்சம் என்றாள்.
நீலத்துளி ஒன்று வரைந்து காட்டினாள்.
நல்ல துளிதான்.
காலி வீதிக்கு வந்து பம்பலப்பிட்டி தாண்டுமுன்
அதன் உடன்பிறப்புகள் ஐந்தைக் கண்டோம்.

முதல் வேலை ஹவ்லொக் வீதியில்.
"தண்ணி தெளிவாத்தானே வருது,
எதுக்கு ஆறாயிரம்?" என்றார் வீட்டுக்காரி.
இசுரு இறங்கினான்.
மாவைப் போல மெத்தென்ற சேறு,
ஒரு பல்லி,
யாரோ எப்போதோ தொலைத்த சீப்பு.
பஸ்மினா சம்பல் கொண்டுவந்த ஜாம் போத்தலைக் கழுவி
அந்தச் சேற்றை நிரப்பினாள்,
திகதி எழுதி ஒட்டினாள்,
பில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
மேசையில் பிள்ளையின் பால்மாக் கோப்பையைப் பார்த்தார்.
ஆறாயிரத்தையும் எண்ணித் தந்தார்.

மறுகிழமை தொலைபேசியில் ஒரு குரல்:
"ஜாம் போத்தல் ஆட்களா?"

எனக்கு வெட்கமாய் இருந்தது.
நான் கனவு கண்ட பெயர்ப்பலகையில் மீன்கள் இருந்தன.
இசுரு பஞ்சிகாவத்தையில் மூன்று காக்கிச் சட்டை வாங்கி வந்தான்.
அழுக்குத் தெரியாதாம்.
போத்தலின் அதே கபில நிறம்.
அவனுக்கு அது தெரியாது, அல்லது
தெரிந்தும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பதினான்கு மாடி.
செயலாளர் குலவீரசிங்கம் நல்ல மனிதர்,
தேத்தண்ணி தந்தார்.
"ஆறு தாங்கி. வடிவாச் செய்யுங்கோ.
போத்தல் மட்டும் வேண்டாம் தம்பி,
ரெண்டு வீடு விற்கக் கிடக்கு."
இரட்டிப்புக் காசு சொன்னார்.
அறை வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது.
ஒருவர் தலையாட்டினார்.
நான்தான் ஆட்டினேன்.

அந்தியில் லிப்ட் கீழே வந்து திறந்தபோது
பஸ்மினா பையிலிருந்து எடுத்து
தபால்பெட்டிகளுக்குக் கீழே வைத்துவிட்டு
செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
பெயரில்லை, இலக்கமில்லை, திகதி மட்டும்.
வேலைவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.
யாருடைய போத்தல் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

சொன்ன காசில் பாதிதான் வந்தது.
அந்தக் கட்டடம் இனிக் கூப்பிடாது.
ஏழாம் மாடிப் பெண் மட்டும் எடுத்தாள்,
வத்தளையில் தங்கையின் வீட்டுக்கு.

பதிவுப் படிவம் இன்னும் மேசையில்.
பெயர் என்ற கட்டத்தின்மேல்
கோப்பை வைத்த வட்டம்.
நாளை கொட்டாஞ்சேனை, இரண்டு தாங்கி.
இசுரு ஜாம் தின்றுகொண்டிருக்கிறான்,
பாண் இல்லாமல், கரண்டியால்,
வேகமாக.
போத்தல் தட்டுப்பாடு.